பெல் மாமா காத்திருந்த மணி

எங்கள் பிரசவ வார்டில் கை கழுவும் தொட்டிக்கு மேலே, ஓர் ஆணியில், ஒரு சிலிண்டர் சாவி தொங்குகிறது. ஆக்சிஜன் சிலிண்டரின் தலையைத் திருகித் திறக்கிற இரும்புச் சாவி அது. ஒரு முனை தேய்ந்து வழவழவென்று இருக்கும். இன்றைக்கு எங்கள் வார்டில் சிலிண்டரே கிடையாது, சுவரிலேயே ஆக்சிஜன் வந்துவிட்டது. அதனால் புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள், "இது எதுக்கு சிஸ்டர்?" என்று கேட்காமல் இருப்பதில்லை. "குழந்தை பிறந்ததும் அடிக்க" என்பேன். அந்தப் பெண்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! குழந்தையை அடிக்கப் போகிறேன் என்று நினைத்துவிடுவார்கள். சிரித்து முடித்த பிறகுதான் தொட்டியை ஒட்டிச் சுவரில் ஓடுகிற பழைய இரும்புக் குழாயைக் காட்டுவேன். அதைச் சொன்னால் பெல் மாமாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

நான் பல வருடங்கள் ஆண்கள் வார்டில் இருந்தவள். கோலார் தங்கவயலில் ஆண்கள் வார்டு என்றால் அது பெரும்பாலும் சுரங்கத்தில் இருந்தவர்களின் வார்டுதான். சுரங்கம் மூடிப் பல காலம் ஆகியும், அவர்கள் உள்ளே சுவாசித்த கல்தூசி மட்டும் அவர்களை விட்டுப் போகவில்லை. ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பிலிருந்தும், எங்கள் ஆண்டர்சன்பேட்டையிலிருந்தும் மாறி மாறி வருவார்கள். சிலர் ஒரு வாரம் இருந்து மூச்சைச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், மழை பிடித்ததும் மறுபடி வந்துவிடுவார்கள். அந்த வார்டில் சத்தமே இருக்காது. கத்துவதற்கும் சண்டை போடுவதற்கும் மூச்சு வேண்டுமல்லவா? இருக்கிற கொஞ்சத்தையும் அவர்கள் கேலி பேசத்தான் செலவழிப்பார்கள். நானும் திருப்பிப் பேசுவேன். என் வேலையில் பாதி முதுகுக்குத் தலையணை வைப்பது, மீதிப் பாதி, "அவசரப்படாதீங்க, சூடான டீய ஊதுற மாதிரி மெதுவா ஊதுங்க" என்று சொல்வது. அந்த வாக்கியம் என் வாயோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் கோபமாக இருக்கிற கணவரிடம்கூட அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெல் மாமாவின் கட்டில் கடைசியில், சுவர் ஓரமாக இருந்தது. ஷாஃப்ட் என்கிற செங்குத்துச் சுரங்கக் குழியின் வாயிலில், ஆட்கள் ஏறி இறங்குகிற இரும்புக் கூண்டுக்கு மணி அடித்துச் சைகை கொடுப்பது அவர் வேலையாக இருந்தது. கூண்டை எல்லோரும் கேஜ் என்பார்கள். எஞ்சின் ஓட்டுகிறவர் எங்கோ தள்ளி உட்கார்ந்திருப்பார், அவருக்குக் கூண்டு தெரியாது, மணிதான் தெரியும். ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் இறக்கு, மூன்று அடித்தால் ஆட்கள் வருகிறார்கள், கவனம். கேட்டவர் அதே மணியைத் திருப்பி அடிக்க வேண்டும். திருப்பி அடிக்காதவரை கூண்டு அசையாது. மாமா இதைச் சொல்லும்போதெல்லாம் விரலால் கட்டில் சட்டத்தில் தட்டிக் காட்டுவார்.

எங்கள் வார்டில் நோயாளிகள் அழைக்கிற மின்சார மணி எப்போதும் கெட்டுத்தான் இருக்கும். மாமா வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் வெந்நீர் ஓடிய குழாய் ஒன்று பிரசவ வார்டிலிருந்து நீண்ட தாழ்வாரம் முழுக்க ஓடி அவர் கட்டிலருகே வந்து முடிகிறது. இப்போது அதில் தண்ணீரும் இல்லை, ஒன்றும் இல்லை. கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினால் நான் எங்கே இருந்தாலும் கேட்கும். ஒன்று தட்டினால் சிஸ்டர் வாங்க. இரண்டு தட்டினால் மூத்திரப் பாத்திரம் வேண்டும். மூன்று தட்டினால் யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள், சட்டையைச் சரி செய்துகொள்ளுங்கள். ஒரே வாரத்தில் வார்டு முழுக்க அதற்குப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்ன, அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதானே.

இன்னொரு மணியும் உண்டு. அதை யாரும் விளையாட்டுக்குக்கூட அடிக்க மாட்டார்கள். எண்ணிக்கை இல்லாமல், விடாமல் அடித்தால் உள்ளே விபத்து. எங்கள் வீடுகளில் அதை யாரும் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்கள் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அந்தச் சத்தம் கேட்டால் ஷிப்டு முடிந்து வந்தவரும் திரும்பி ஓடுவார். ஒரு கிறிஸ்துமஸ் அன்று, புதுச்சட்டையோடு இலையில் உட்கார்ந்திருந்த என் அப்பா, பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். கையைக்கூடக் கழுவவில்லை. ஷாஃப்ட் வாயிலில் போய் நின்று எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எந்த லெவல், எத்தனை பேர்? லெவல் என்றால் சுரங்கத்துக்குள் ஆழத்தில் இருக்கிற ஒரு தளம். அப்பா அன்றைக்கு மாலை திரும்பி வந்து, அந்த ஆறிப்போன இலையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

அந்தக் காலையில் நான் வார்டுக்குள் கால் வைக்கும் முன்பே மேட்ரன் பிடித்துக்கொண்டார். பிரசவ வார்டில் இரண்டு சிஸ்டர்களுக்கும் காய்ச்சல், ஆள் இல்லை, இன்றைக்கு நீ அங்கே போ என்றார். படிக்கிற காலத்தில் பார்த்த பிரசவம்தான், அதற்குப் பிறகு நான் பெற்றது இரண்டு. பெற்றவளுக்கு எதுவும் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு கத்தியதுதான் தெரியும். "எனக்கு அங்கே ஒண்ணுமே தெரியாது மேடம்" என்றேன். "அங்கே இருக்கிற பெண்ணுக்குத் தெரியும். அவள் சொல்றதச் செய்" என்றார். பயமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அதற்கு அடியில் ஒரு குதூகலமும் இருந்தது. இத்தனை வருடம் ஆட்களை வழியனுப்பி வைத்த எனக்கு, ஒரு நாள், ஒரே ஒரு நாள், வரவேற்கிற வேலை.

சொல்லிக்கொண்டு போக ஆண்கள் வார்டுக்குப் போனேன். மாமாவின் நிலைமை முந்தின நாளே சரியில்லை. ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டிருந்தது. பெங்களூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்து, மதியத்துக்கு ஆம்புலன்ஸ் சொல்லியிருந்தார். மாமாவோ போக மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தார். காரணம் எனக்குத் தெரியும். அவருடைய பேத்தி, மகள் வயிற்றுப் பேத்தி, தலைப்பிரசவத்துக்குப் பெங்களூரிலிருந்து ஸ்கெலட்டனுக்கு வந்திருந்தாள். தகப்பன் இல்லாத அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான்.

"இன்னா சிஸ்டரு, எங்கள உட்டுட்டு லேபர் வார்டுக்குப் போறியாமே?" என்றார். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினார். "எம் பேத்தியும் அங்கதான் கீறா. விடியக்காலத்துலயே கூட்டினு வந்துட்டாங்க."

"நான் பாத்துக்கிறேன் மாமா. நீங்க வண்டி வந்தா ஏறிடணும்."

"ஏறிக்கிறேன். கொழந்த பொறந்துச்சின்னு தெரிஞ்சா ஏறிக்கிறேன்."

"ஆளனுப்பிச் சொல்றேன்."

"வாயால சொல்றத நம்ப மாட்டேன்மா. இங்க எல்லாரும் எனுக்கு நல்லதாவே சொல்றீங்க. முந்தாநேத்து, சாயங்காலம் ஊட்டுக்குப் போலாம்னு நீதான் சொன்ன. போனனா?" சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, என் பையில் எப்போதும் கிடக்கிற சிலிண்டர் சாவியைக் காட்டினார். "அத்த எடுத்துனு போ. பொறந்த ஒடனே அந்தாண்ட பைப்புல மூணு அடி. நானு இந்தாண்ட திருப்பி மூணு அடிக்கிறேன். அப்பறம் எங்க வேணா கூட்டினு போங்க."

டாக்டர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். வண்டி வரும்வரைதான் அவகாசம், வந்துவிட்டால் மணி கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஏற வேண்டும் என்றார். மாமா தலையாட்டினார். பெங்களூர் போகிறவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிரசவ வார்டின் கதவைத் திறந்ததும் முதலில் என்னைத் தாக்கியது சத்தம். அப்பா, என்ன சத்தம்! ஒருத்தி அம்மாவைக் கூப்பிடுகிறாள், இன்னொருத்தி புருஷனைத் திட்டுகிறாள், ஒரு பிறந்த குழந்தை எல்லோரையும் தோற்கடிக்கிற மாதிரி வீறிடுகிறது. ஆயா வாளியை உருட்டுகிறாள். இதற்கெல்லாம் நடுவில், என் மகள் வயதில், பின்னலை எடுத்துக் கட்டியபடி ஒரு பெண் நின்றாள். பூதிகோட்டையில் விவசாயக் குடும்பத்துப் பெண். கன்னடமும் தெலுங்கும் வீட்டில், தமிழ் இங்கே வந்து பழகியது. அவளைப் பூதிகோட்டை சிஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என்னைப் பார்த்ததும், "வாங்க அக்கா, பேகா பேகா, அந்த டிரே எடுங்க" என்றாள். சீக்கிரம் என்பதற்கு அவளுக்குக் கன்னடம்தான் வரும். அன்றைக்கு அந்த வார்த்தையைத்தான் அவள் அதிகம் சொன்னாள்.

டிரே எங்கே? எந்த அலமாரியைத் திறந்தாலும் வேறு எதுவோ இருந்தது. என் வார்டில் கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பேன். இங்கே பஞ்சைத் தேடிப்போய்க் கையுறையோடு வந்தேன், கையுறையைத் தேடிப்போய்ச் சும்மா வந்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தாள். மாமாவின் பேத்தி ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததும், "தாத்தா எப்பிடி கீறாரு ஆண்ட்டி?" என்றாள். அந்த வலியிலும் அதைத்தான் கேட்டாள். "மணிக்காகக் காத்துகினு கீறாரு. நீ மனசு வெச்சா சீக்கிரம் அடிக்கலாம்" என்று, மூன்று அடியையும் மதியம் வருகிற வண்டியையும் பற்றிச் சொன்னேன்.

அவளுடைய அம்மா, மாமாவின் மகள், வெளியே தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தார். ஒரு கோடியில் அப்பா, மறு கோடியில் மகள். அந்தக் கதவுவரை போவார், அங்கே நிற்க மனசில்லாமல் இந்தக் கதவுக்கு வருவார். நான் வெளியே போகும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்வார். வெயில் ஏற ஏற எனக்கும் படபடப்பு ஏறியது. ஜன்னல் வழியே பார்த்தால் ஆஸ்பத்திரி வாசல் தெரியும். எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் என் கழுத்து தானாகத் திரும்பியது.

ஒரு கட்டத்தில் பூதிகோட்டை சிஸ்டர் கையுறையை மாட்டிக்கொண்டு, "முழுசா திறந்தாச்சு அக்கா, இனி முக்கணும். நீங்க தலை பக்கம் நில்லுங்க" என்றாள். நின்றேன். வலி வந்தது. பேத்தியின் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் இத்தனை வருடப் பழக்கம் என்னை மீறிக்கொண்டு வந்துவிட்டது. முதுகுக்கு ஒரு தலையணையைச் சொருகி, "அவசரப்படாத பாப்பா, சூடான டீய ஊதுற மாதிரி மெதுவா ஊது" என்றேன். அந்தப் பெண்ணும் பாவம், நல்ல பிள்ளையாக ஊதிவிட்டது. வந்த வலி அப்படியே வீணாய்ப் போயிற்று.

"அய்யோ அக்கா!" என்று அலறினாள் பூதிகோட்டை சிஸ்டர். "இது உங்க வார்டு இல்ல! ஊதச் சொல்லாதீங்க, முக்கச் சொல்லுங்க!"

ஆயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கே சிரிப்பு வந்தது. வலியில் கிடந்த பேத்தியும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வலி வந்தது. இந்த முறை நான் கத்திய கத்தலில் ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா பறந்துவிட்டது. என் தொண்டையில் இத்தனை சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. வருடக்கணக்காய்க் கிசுகிசுவென்று பேசியே பழகியவள் அல்லவா? முக்கு பாப்பா, இன்னும், இன்னும், விடாத, என்று என் பிள்ளைகளின் ஓட்டப்பந்தயத்தில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. பேத்தி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. நான் கவனிக்கவே இல்லை, வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தேன்.

அப்போதுதான் வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்று அணைந்தது. பேத்திக்கும் கேட்டது. "வண்டி வந்துச்சா ஆண்ட்டி?" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. அடுத்த வலிக்கு அவள் முக்கின மாதிரி நான் எங்கும் கண்டதில்லை.

"தலை தெரியுது!" என்றாள் பூதிகோட்டை சிஸ்டர். உடனே குரலை மாற்றி, "நில்லு, நில்லு, இப்ப முக்காத. முக்கினா கிழிஞ்சிடும். அக்கா! இப்ப சொல்லுங்க! உங்க டீ ஊதுறது, பேகா!"

எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே பாட்டை மேடையில் ஏறிப் பாடச் சொன்ன மாதிரி இருந்தது. குனிந்து, என் முகத்தை அவள் முகத்துக்கு அருகே வைத்து, ஊது பாப்பா, மெதுவா, சூடான டீ, ஊது என்றேன். அவளும் ஊதினாள், நானும் ஊதினேன், பக்கத்தில் நின்ற ஆயாவும் ஊதினாள். எங்கள் மூன்று பேர் ஊதலுக்கு நடுவில் தலை மெதுவாக, அவசரமே இல்லாமல், வெளியே வந்தது. பிறகு ஒரு தோள், இன்னொரு தோள், அதற்குப் பிறகு எல்லாம் ஒரே வழுக்கலில். பெண் குழந்தை. ஒரு கணம் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. அடுத்த கணம் அது கத்தியது பாருங்கள், கொள்ளுத்தாத்தாவுக்கும் சேர்த்து மூச்சு வைத்திருந்தது.

கர்த்தரே, அந்தச் சத்தம்! ஒரு முழு மூச்சு எப்படி இருக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். குழந்தையைத் துணியில் வாங்கித் துடைத்தேன். விலா எலும்பு ஒவ்வொன்றும் என் விரலுக்கு அடியில் ஏறி இறங்கியது. அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். குழந்தையைத் தாயின் மார்பில் போட்டதும் அவள் குழந்தையைக்கூடப் பார்க்காமல், "தாத்தாவுக்கு மணி அடிங்க ஆண்ட்டி" என்றாள்.

ஆனால் நான் எப்படி நகர்வது? குழந்தை வழுக்கிவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். நஞ்சுக்கொடி வரும்வரை சிஸ்டரும் கையை எடுக்க முடியாது. எனக்கோ ஒவ்வொரு நொடியும் இழுத்துக்கொண்டே போனது. வெளியே தாழ்வாரத்தில் தள்ளுவண்டி உருளுகிற சத்தம் கேட்டது. மாமாவை அதில் ஏற்றிவிட்டார்கள். நல்ல வேளை, சிஸ்டர் தொப்புள்கொடியை நறுக்கி முடித்ததும் நஞ்சுக்கொடியும் பத்திரமாக வந்து சேர்ந்தது. பூதிகோட்டை சிஸ்டர் கையுறையைக் கழற்றி எறிந்து, கையைக் கழுவிவிட்டு, "நான் அடிக்கிறேன் அக்கா!" என்று என் பையிலிருந்து சாவியை உருவிக்கொண்டு குழாயிடம் ஓடினாள்.

நான் மூன்று என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அடித்துவிட்டாள். ஒன்றா, இரண்டா! அன்றைக்கு அவளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. டண டண டணவென்று, கோயில் திருவிழாவுக்கு அடிக்கிற மாதிரி, இரண்டு கையாலும் சாவியைப் பிடித்துக்கொண்டு விடாமல் அடித்தாள். விவசாய ஊரிலிருந்து வந்த பெண்ணுக்கு மணி என்றால் மணி, அவ்வளவுதான். "மூணு! மூணுதான்!" என்று நான் கத்தியது அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவே இல்லை. மூச்சு வாங்க அவள் நிறுத்தியபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

பிறகு தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து காலடிச் சத்தம் வந்தது. ஒருவர் இருவர் அல்ல. குழந்தையை எடுத்துத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

என் வார்டு முழுவதும் வந்துகொண்டிருந்தது. கழிப்பறைக்கே கைத்தாங்கல் கேட்கிறவர்கள், சோற்றுக் கவளத்தை விழுங்கிவிட்டு இளைப்பாறுகிறவர்கள், எல்லோரும் ஆஸ்பத்திரிப் பச்சைச் சட்டையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் டிரிப் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். இன்னொருவர் மூச்சு முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். வார்டில் அதிகம் படுத்தே கிடக்கிற ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், அதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. முன்னால் வந்தவர் என்னைப் பார்த்ததும், "எந்த லெவலு சிஸ்டரு?" என்றார். அவர்களுக்குத் தெரியாதா, சுரங்கம் மூடியாகிவிட்டது, இது ஆஸ்பத்திரி என்று? தெரியும். ஆனால் கால்கள் அந்த மணியைத்தான் கேட்டிருந்தன.

எல்லோருக்கும் நடுவில், ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் பின்னால் கூவிக்கொண்டு ஓடிவர, சிறிய சிலிண்டர் வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார் பெல் மாமா. தள்ளுவண்டியிலிருந்து இறங்கிவிட்டிருக்கிறார். முகம் நீலம் பாரித்திருந்தது, கண் மட்டும் கூர்மையாக இருந்தது. அவர் மகள் ஓடிப்போய்ப் பிடித்தார், மகளைக்கூட மாமா பார்க்கவில்லை. என் முன்னால் வந்து நின்று, மூச்சைத் திரட்டிக்கொண்டு கேட்டார்.

"எத்தினி பேரு?"

துணியை விலக்கிக் காட்டினேன். "ஒருத்திதான் மாமா. மேல வந்துட்டா."

கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவுக்குப் பின்னால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்த பூதிகோட்டை சிஸ்டரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள், சிரிப்பு இருமலாகி, தாழ்வாரம் முழுக்க ஒரே இருமல். குழந்தை மட்டும் யாரையும் சட்டை செய்யாமல் கொட்டாவி விட்டது. நான் அவர்களைத் திட்டினேன். ஆக்சிஜனைக் கழற்றிவிட்டு ஓடி வர உங்களுக்கென்ன இளவட்டம் என்று நினைப்பா என்று ஒவ்வொருவராகச் சுவரோரம் உட்காரவைத்தேன். திட்டத்தான் செய்தேன், ஆனால் அந்தக் கணம் அவர்கள் ஒவ்வொருவர் காலிலும் விழலாம் போல இருந்தது.

"யாருமா அடிச்சது?" என்றார் மாமா. பூதிகோட்டை சிஸ்டர் அழுகிற நிலையில் இருந்தாள். "நான்தான் தாத்தா. தப்பாயிடுச்சு. சந்தோஷத்துல அடிச்சிட்டேன்."

"அதுக்கு இன்னா, அடிச்சா அடிச்ச. ஆனா தப்பு மணிய அப்பிடியே உடக் கூடாது." சாவியை வாங்கினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டு வாசலில் குழாயிடம் வந்தார். ஒரு அடி, ஓர் இடைவெளி, ஒரு அடி, ஓர் இடைவெளி, ஒரு அடி. அத்தனை மூச்சிரைப்பிலும் அந்த இடைவெளிகள் மட்டும் அளந்து வைத்த மாதிரி இருந்தன. அடித்துவிட்டுக் காத்து நின்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. திருப்பி அடிக்க அந்தக் கோடியில் யாருமே இல்லை! வார்டு முழுக்க இங்கேயல்லவா உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறது. பதில் வராமல் மாமா நகர மாட்டார். ஆம்புலன்ஸ் ஆள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் குழந்தையோடு விழிக்கிறேன். திடீரென்று பூதிகோட்டை சிஸ்டர் செருப்பை உதறிவிட்டுத் தாழ்வாரத்தில் ஓடினாள். பின்னல் அவிழ்ந்து முதுகில் ஆட, அந்த நீளத் தாழ்வாரத்தை ஒரே மூச்சில் ஓடி ஆண்கள் வார்டுக்குள் மறைந்தாள். மாமாவின் கரண்டியைத் தேடியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் குழாயில் வந்தது: ஒன்று. இடைவெளி. ஒன்று. இடைவெளி. ஒன்று.

"இப்ப சரி" என்றார் மாமா. குழந்தையின் நெற்றியில் ஒரு விரலை வைத்தார். கதவு வழியாக உள்ளே படுத்திருந்த பேத்தியைப் பார்த்துக் கையை ஆட்டினார். பிறகு தள்ளுவண்டியில் தானே ஏறிப் படுத்துக்கொண்டார்.

டாக்டரிடம் நாங்கள் இருவரும் வாங்கிய திட்டை எழுதினால் இன்னும் பல பக்கம் போகும். நியாயமான திட்டுதான். நல்லவேளையாக ஓடிவந்தவர்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சொல்லப்போனால் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் எல்லோருமே இரண்டாவது முறை சாம்பார் கேட்டார்களாம். மாமாவும் பெங்களூரிலிருந்து திரும்பி வந்தார். வந்து, குழந்தை தவழ்வதையும், பிடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்துவிட்டு, ஸ்கெலட்டன் வீட்டில் தன் கட்டிலிலேயே கண்ணை மூடினார். செய்தி கேட்ட அன்று நான் வேலையில் இருந்தேன். ஒவ்வொரு பிறப்புக்கும் அடிப்பது அதற்குள் எங்கள் வழக்கமாகியிருந்தும், அன்றைக்குப் பிறந்த குழந்தைக்கு மணி அடிக்கக் கை வரவில்லை. பூதிகோட்டை சிஸ்டர்தான் அடித்தாள், மூன்று, சரியான இடைவெளியோடு. ஆம், அந்த ஒரு நாளுக்குப் பிறகு நான் மேட்ரனிடம் போய் என்னைப் பிரசவ வார்டிலேயே போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது அலமாரிகள் எல்லாம் அத்துப்படி.

போன வாரம் மாமாவின் பேத்தி மகளோடு வந்திருந்தாள். இந்த வருடம் பள்ளிக்கூடம் சேர்க்க வேண்டுமாம், ஊசிகள் எல்லாம் போட்டாயிற்றா என்று பார்க்க வந்தவள், என்னைப் பார்க்காமல் போவாளா? நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாண்டு ஸ்டூலில் ஏறி ஆணியிலிருந்த சாவியை எடுத்துவிட்டது. நான் திரும்புவதற்குள் குழாயில் டண டண டணவென்று ஆரம்பித்துவிட்டது. பிறந்த நாள் அன்று கேட்டது காதிலேயே தங்கிவிட்டதோ என்னவோ.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு, என்னையறியாமல், காது கொடுத்து நின்றேன். சுரங்கத்து ஆட்கள் இப்போது வார்டில் அதிகம் இல்லை. சர்க்கரை, விபத்து, காய்ச்சல் என்று வேறு வேறு ஆட்கள். யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். தாழ்வாரத்தில் அமைதியாகத்தான் இருந்தது. பிறகு செருப்பை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முந்தின நாள் சேர்ந்த ஒரு பெரியவர், எனக்கு முன்பின் தெரியாதவர், டிரிப் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவித் தனியாக வந்துகொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சு சிஸ்டரு? எந்த லெவலு? எத்தினி பேரு?"

குழந்தையைத் தூக்கிக் காட்டினேன். "ஒருத்திதான் ஐயா. அப்பவே மேல வந்துட்டா."

அவர் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பொக்கை வாய் திறந்து சிரித்துவிட்டுத் திரும்பி நடந்தார். நான் குழந்தையின் கையோடு சேர்த்துச் சாவியைப் பிடித்துக் குழாயில் மூன்று அடித்தேன். "அவ்ளோதானா?" என்றாள். "இரு" என்றேன். அவர் அந்தத் தாழ்வாரம் முழுக்க நடந்து போய்ச் சேர வேண்டுமே. நாங்கள் இருவரும் குழாயில் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். நீண்ட நேரம் கழித்து, அந்தக் கோடியிலிருந்து, நிதானமாக மூன்று வந்தது.